சம்பந்திகள் பார்க்காத உடும்பு

என் மாமா பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டுவிட்டது. அவர்தான் வேலையை விடவில்லை. கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் வாசல் நிலையை ஒரு கையால் பிடித்து நின்றபடிதான் டீ குடிப்பார். விருந்தாளிகள் வந்தால், "உள்ள தள்ளிப் போங்க, உள்ள எடம் இருக்கு" என்று வாய் தன்னால் சொல்லிவிடும். எந்தத் தாள் கிடைத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, பேத்தி வரைந்த யானை எல்லாமே அந்த விரலிடுக்கில் பயணம் செய்தவைதான்.

அவருக்கு ஓர் ஆசை பாக்கி இருந்தது. அவர் போய்வந்த தடம் எங்கள் தெருவுக்குப் பின்னால் தொடங்கும் காப்புக்காட்டின் நடுவே போகும். அங்கே வண்டியை நிறுத்தக்கூடாது, யாரும் இறங்கக்கூடாது என்பது விதி. பணிக்காலம் முழுக்க அந்தக் காட்டைப் படிக்கட்டில் நின்று பார்த்தவர், ஒரு நாள்கூட அதில் கால் வைத்ததில்லை.

"ஊரையெல்லாம் எறக்கிவிட்டேன். நான் எறங்கத்தான் ஒரு ஸ்டாப் இல்ல" என்பார்.

மாமி இதைக் கேட்கும்போதெல்லாம், "மரத்தப் பாக்கணும்னா கொல்லைல போய்ப் பாருங்க. அப்படியே கொடில கெடக்கற துணியையும் எடுத்துட்டு வாங்க" என்பார்.

அந்த வருடம் ஒரு கணக்கெடுப்பு வந்தது. காட்டையொட்டியிருக்கும் வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன செடிகள், என்னென்ன பிராணிகள், அவற்றில் எவையெல்லாம் காட்டுக்கும் வீட்டுக்கும் போய்வருகின்றன என்று எழுதும் வேலை. நடத்தியவர் பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய இளம்பெண். தெரு அவருக்குப் பூச்சி டாக்டர் என்று பெயர் வைத்தது. வைத்ததோடு நிற்காமல் பாதிப் பேர் அவரிடம் இருமலுக்கு மருந்து கேட்டார்கள். முதலில் தோட்டங்கள், பிறகு காடு என்று அவர் திட்டம் போட்டிருந்தார். தோட்டத்தில் ஒழுங்காக எழுதும் ஜோடிகளைத்தான் வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் அழைத்துப் போவார். அதைக் கேட்டதும் மாமா காதில் பேனாவைச் செருகிக்கொண்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

செடிக் கணக்கு சுலபமாக முடிந்தது. ஒரு வீட்டுக்காரர் வாசலில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவையும் சேர்க்கச் சொன்னார். வாடாத செடிக்கு மதிப்பெண் கூடுதலாக உண்டா என்றும் கேட்டார். பிராணிக் கணக்கில்தான் தெருவின் உண்மைக் குணம் வெளிப்பட்டது. "எங்க வீட்ல எலியா? பக்கத்து வீட்ல கேளுங்க" என்றார் ஓர் அம்மா. பக்கத்து வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை எலிகளும் பக்கத்து வீட்டு எலிகளே என்று நிரூபணமாயிற்று.

மாமா பிராணிகளை அவருடைய பாணியில் எண்ணினார். கொய்யா மரத்தில் அணில் ஏறினால் ஒன்று, இறங்கினால் கழித்துவிடுவார். ஒரே அணில் மறுபடி ஏறினால் முறைப்பார். "உன்ன அப்பவே எழுதியாச்சு. சும்மா ஏறி ஏறி எறங்காத" என்பார். அணிலும் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

இனிமேல்தான் வினை. கடைசிக்கட்டத் தேர்வுக்குப் பூச்சி டாக்டர் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார். ஒரு தோட்டத்தின் இரண்டு மூலைகளில் இருவர் நிற்க வேண்டும். பேசக்கூடாது, கை காட்டக்கூடாது. அவரவர் கண்ணால் பார்த்ததை அவரவர் தாளில் எழுத வேண்டும். மாமாவுக்கு ஜோடியாக வந்தவர் அவருடைய மகளின் மாமியார்.

சம்பந்தியம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். நடந்தால் தரைக்கே தெரியாது. மகன், மருமகள், பேத்தி என்று வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பதால், கவனிக்க ஒரு நோயாளி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். காட்டுக்குள் போக அவருக்கும் ஆசை. குலுக்கிய சீட்டில் மாமாவின் பெயர் வந்ததும், "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றார். "எங்க பாக்கியம்" என்றார் மாமா. இரண்டு முகங்களிலும், பல்லைப் பிடுங்கும் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களின் சிரிப்பு இருந்தது.

ஏனென்றால் பிள்ளைகளின் கல்யாண நாளிலிருந்து இந்த இருவரும் ஒரு விஷயத்தில்கூட மாறுபட்டதில்லை. "வெயில் அதிகம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். "அவ்வளவு இல்லையோ" என்று முதலாமவர் பின்வாங்கினால் இரண்டாமவர் சால்வை கேட்பார். பெண்ணைக் கொடுத்த இடம், பெண்ணை எடுத்த இடம். நடுவில் கண்ணாடிப் பாத்திரம் போல என் மாமன் மகள்.

முதல் தேர்வு எங்கள் கொல்லையிலேயே நடந்தது. நானும் மாமியும் சமையலறை ஜன்னலில் இருந்தோம். மாமா கொய்யா மரத்தடியில். சம்பந்தியம்மா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். ஒரு மைனா வந்தது, இருவரும் எழுதினார்கள். தேன்சிட்டு வந்தது, எழுதினார்கள். பிறகு வேலியோரமாகப் பழுப்பாக ஏதோ ஒன்று ஓடியது.

"எதிர் வீட்டு நாய்க்குட்டி" என்றார் மாமி. நான் பார்த்தது வாலை மட்டும். முற்றுப்புள்ளி வைக்காத வரியைப் போல அது புதருக்குள் போய்விட்டது.

நேரம் முடிந்ததும் இருவரும் டீ குடிக்க உள்ளே வந்தார்கள். பூச்சி டாக்டர் அடுத்த வீட்டிலிருந்து வரும்வரை தாள்களை ஒருவருக்கொருவர் காட்டக்கூடாது என்பது விதி. காட்டவில்லை. ஆனால் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே.

"அந்தப் பூனை என்ன ஓட்டம் ஓடுச்சு பாத்தீங்களா சம்பந்தி?" என்றார் சம்பந்தியம்மா.

மாமாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "பூனை... ஆமாமா. பூனைதான். கீரி மாதிரி ஓடுச்சு."

இப்போது சம்பந்தியம்மாவின் டம்ளர் நின்றது. "கீரியா? இருக்கும் இருக்கும். வால் கீரி வால்தான்."

"சேச்சே, நீங்க பாத்தா தப்பாகுமா? பூனைதாங்க."

"அய்யோ, எனக்கென்ன தெரியும். கீரியேதான் சம்பந்தி."

"பூனைங்க."

"கீரிங்க."

"நாய்க்குட்டி" என்று மாமி என் காதில் சொன்னார்.

உலகத்தில் எல்லோரும் தன் கட்சிக்காக வாதாடுவார்கள். இவர்கள் எதிர்க்கட்சிக்காக வாதாடினார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போனார். விரலிடுக்கில் தாளும் கூடப் போனது. சம்பந்தியம்மா போனில் சிக்னல் இல்லையென்று வாசலுக்குப் போனார். காதில் வைத்தது பேனா.

பூச்சி டாக்டர் வந்து இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தார். மாமாவின் தாளில் கீரி அடிக்கப்பட்டுப் பூனை எழுதப்பட்டிருந்தது. சம்பந்தியம்மாவின் தாளில் பூனை அடிக்கப்பட்டுக் கீரி.

"சார் கீரியப் பாத்துட்டுப் பூனைன்னு எழுதியிருக்கீங்க. மேடம் பூனையப் பாத்துட்டுக் கீரின்னு எழுதியிருக்கீங்க. அப்ப வேலி ஓரமா ஓடுனது யாருங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வாசல் வழியாக இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டு, கடைசியில் முட்டிக்கொண்டவர்களின் பார்வை அது.

"அடிச்சுத் திருத்துனத நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார் பூச்சி டாக்டர். "நாளைக்கு இன்னொரு தடவை. அதோட சரி."

மாமா அன்று சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது, சாப்பிட்டார். ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டார். மாமி கலங்கிப்போனது அதில்தான். "கிட்ட வந்துட்டேன்டா" என்று மாமா என்னிடம் சொன்னார். "இந்தத் தடவ விட்டா, திரும்பி எனக்கு எப்ப?"

"நாளைக்குப் பாத்தத எழுதுங்க மாமா. அவ்வளவுதானே."

"பாத்தத எழுதலாம்டா. அவங்க பாக்காதத நான் பாத்துட்டேன்னு எழுதுனா, அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு ஆகிடாதா? மாப்ள என்ன நெனைப்பாரு?"

மறுநாள் காலை பூச்சி டாக்டர் முன்னதாகவே வந்து முருங்கை மரத்தில் ஒரு சின்னக் கேமராப் பெட்டியைக் கட்டினார். எதிரில் எது அசைந்தாலும் அது தானாகப் படம் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். மாமா அதற்கு வணக்கம் வைத்துவிட்டுத் தன் மூலைக்குப் போனார்.

ஒரு காகம் வந்தது. இரண்டு மைனாக்கள். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வாழையிலை ஒன்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வேலிக்கு அடியிலிருந்து உடும்பு வந்தது.

சின்ன உடும்பு இல்லை. ஒரு திண்டு நீளத்துக்கு இருந்தது. அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக்குள் நுழைகிற பெரிய மனிதரைப் போலக் கொல்லையின் நடுவில் நடந்து வந்தது. மாமாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் சரியாக இடையில் நின்றது. கழுத்தைத் தூக்கி இந்தப் பக்கம் நாக்கை நீட்டியது. அந்தப் பக்கம் நாக்கை நீட்டியது. துணி ஊறவைத்த வாளியில் எட்டிப் பார்த்து, சோப்புத் தண்ணீர் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காட்டுப் பக்கமாக நிதானமாகப் போய்ச் சேர்ந்தது.

"அடியம்மா!" என்று மாமி என் கையைக் கிள்ளியதில் மூன்று நாள் நீலம் போகவில்லை.

மாமா எழுதுவாரென்று பார்த்தோம். பேனாவை எடுத்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காதுக்குத் திரும்பியது. கொஞ்சம் கழித்து சம்பந்தியம்மா பேனாவை எடுத்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாவின் பேனாவும் மூடிக்கொண்டது.

தாள்கள் இரண்டும் அச்சில் எடுத்தது போல ஒன்றாக இருந்தன. காகம் ஒன்று, மைனா இரண்டு. மாமாவின் முகத்தில் வெற்றிக்களை. "பாத்தீங்களா டாக்டர், ஒரு எழுத்து மாறல!"

பூச்சி டாக்டர் கேமராப் பெட்டியிலிருந்த அட்டையைக் கழற்றித் தன் கணினியில் போட்டார். படம் திரையில் வந்தது. நட்டநடுவில் உடும்பு. இடப்பக்கம் மாமா, வாய் திறந்து, கண் பிதுங்கி, உடும்பையே பார்த்தபடி. வலப்பக்கம் சம்பந்தியம்மா, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வாயில், அவரும் உடும்பையே பார்த்தபடி. உடும்பு மட்டும்தான் அந்தப் படத்தில் சாதாரணமாக இருந்தது.

"இந்த உடும்பும் உங்களுக்குச் சம்பந்தி முறையா?" என்றார் பூச்சி டாக்டர்.

"அது... அம்மா பாக்கலன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

"அவரு பாக்கலன்னு நான் நெனச்சேன்" என்றார் சம்பந்தியம்மா.

"காட்டுக்குள்ள யானை எதுக்க வந்து நின்னா, ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகக்கூடாதுன்னு ரெண்டு பேரும் எழுதாம வந்துடுவீங்க. என்னால அனுப்ப முடியாதுங்க. மன்னிச்சிருங்க." கணினியை மூடிவிட்டு, கேமராவை அவிழ்க்க அவர் முருங்கை மரத்துக்குப் போனார்.

மாமா துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த முகம். சம்பந்தியம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தார். வேறு ஏதோ வந்துவிட்டது.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான் எழுதாம விட்டேன் சம்பந்தி."

"என் மூஞ்சில என்னங்க இருக்கு?"

"கண்ண மூடிட்டு நின்னா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"நீங்க வானத்த பாத்துட்டு நின்னீங்க. உடும்பு என்ன பறக்குமா?"

ஜன்னலில் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரு குடும்ப வரலாற்றில் யாரும் கேட்டிராத தொனி அது.

"எல்லாத்துலயும் இப்படித்தான் நீங்க" என்றார் சம்பந்தியம்மா. "உள்ளத உள்ளபடி ஒரு நாள் சொன்னதுண்டா?"

"நானா? உங்க வீட்டுப் பூசணி சூப்ப நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லி என் நாக்கு செத்துப்போச்சுங்க! ஒரு கல்லு உப்பு உண்டா அதுல?"

"என்னது! நீங்க பிரமாதம்னு சொன்னீங்கன்னுதானே வர்றப்பல்லாம் வெச்சேன்! அந்தக் கண்றாவிய வேற யாரு குடிக்கிறா எங்க வீட்ல? எனக்கே தொண்டைல எறங்காது!"

"அப்புறம் ஏன் ரெண்டாவது தடவ ஊத்துனீங்க?"

"நீங்க ஏன் கிண்ணத்த நீட்டுனீங்க?"

மாமா எழுந்துவிட்டார். எழுந்து, பழக்கதோஷத்தில் கொடிக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அடுத்த வார்த்தைக்கு வாய் திறந்த நேரம், வேலிமேல் கறுப்பாக ஒன்று தொப்பென்று வந்து உட்கார்ந்தது.

"செண்பகம்" என்றார் மாமா, அதே கோபத்தில்.

"காக்கா" என்றார் சம்பந்தியம்மா, அவருக்கும் அதே கோபம்.

"ரெக்கைய பாருங்க, செங்கல் கலரு!"

"வெயில் பட்டா எல்லாக் காக்காயும் செங்கல்தான்."

"கண்ணு செவப்பா இருக்கே, அது?"

"இவ்வளவு நேரம் உங்க சத்தத்தக் கேட்டா யாருக்கும் கண்ணு செவக்கும்!"

முருங்கை மரத்தடியில் பூச்சி டாக்டர் கையில் பாதி அவிழ்ந்த கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். "அப்படியே இருங்க" என்றார். "ரெண்டு பேரும் மூலைக்குப் போங்க. இப்ப நேரம் ஆரம்பிக்குது. எழுதுங்க."

"எதுக்கு? அதான் அனுப்ப மாட்டேன்னுட்டீங்களே."

"எழுதுங்க சார்."

எழுதினார்கள். தாள் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒருவரும் மற்றவர் பக்கம் திரும்பவில்லை. ஓர் ஓணான் வந்தது, கொண்டைக்குருவிகள் இரண்டு வந்தன, எதிர் வீட்டு நாய்க்குட்டி நிஜமாகவே ஒரு முறை வந்தது. மாமி பெருமையோடு என்னைப் பார்த்தார்.

பூச்சி டாக்டர் தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாம் ஒன்றாக இருந்தன, ஒரே ஒரு வரியைத் தவிர. மாமா: செண்பகம். சம்பந்தியம்மா: காகம், அடியில் அழுத்தமாக ஒரு கோடு.

"ஒண்ணு தப்பாப் போச்சு" என்றார் மாமா, தரையைப் பார்த்து.

"ரெண்டு பேரும் ஒண்ணையே பாக்கணும்னு நான் எப்ப சார் சொன்னேன்? ஒருத்தருக்கு விட்டுப்போறது இன்னொருத்தர் கண்ணுல படும்னுதான் ரெண்டு பேரப் போடறேன். பாத்தத எழுதுனா போதும்." தாள்களைப் பைக்குள் வைத்தார். "வாராவாரம் ஞாயித்துக்கிழமை காலைல ஜீப் வரும். பூட்ஸ் போட்டுட்டு வாங்க. மேடம், நீங்களும்."

அன்று மாலை மாமன் மகள் போன் செய்தாள். அழாத குறை. "அப்பா! எங்க மாமியார்கிட்ட சண்ட போட்டீங்களாமே! வீட்டுக்கு வந்ததுலருந்து ஒரு மாதிரியா இருக்காங்க!"

"ஒரு மாதிரின்னா?"

"பாட்டு பாடறாங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. மாமா பின்பக்கம் தொற்றி நின்றுகொள்ளப் பார்க்க, ஓட்டுநர் அதட்டி உள்ளே உட்காரவைத்தார். சம்பந்தியம்மா ஏற்கனவே ஜன்னலோரம் பிடித்திருந்தார். பழைய நாளாக இருந்தால், "நீங்க இங்க உக்காருங்க", "இல்ல, நீங்க" என்று ஜீப் பழையதாகும்வரை நடந்திருக்கும். "நகந்து உக்காருங்க" என்றார் மாமா. "எடம் இருக்குல்ல, உக்காருங்க" என்றார் அவர். வண்டி கிளம்பிவிட்டது.

மதியம் மாமா திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. மாமி, நான், மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் கூடத்தில் காத்திருந்தோம். என்ன பார்த்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டோம். அவர் குளித்துவிட்டு வந்து, உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். வழக்கமாக ஒரு கதையை நாலாக்கிச் சொல்லும் மனிதர், கனவு கண்ட ஊமையைப் போல விழித்துக்கொண்டிருந்தார்.

"எறங்குனேன்" என்றார் கடைசியில். "கால வெச்சா, மெத்துனு உள்ள போகுது. எல. எத்தன வருஷத்து எலையோ. கீழருந்து பாத்தா மரத்துக்கு முடிவே தெரியல. ஓடற வண்டிலருந்து பாத்தா அது மரமே இல்லடா, வெறும் பச்சை. எதிர்ல ஒரு கொண்டைக்குருவி உக்காந்திருக்கு. நம்ம கொல்லைக்கு வருதே, அதே மூஞ்சி. என்னைப் பாத்து, நீ எங்க இங்கன்னு கேக்கற மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் நேரம் முடிஞ்சுடுச்சுன்னு சொன்னாங்க."

"என்ன எழுதுனீங்க?"

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். "எழுதல."

"எதுவுமேவா?"

"பேனாவ எடுத்த ஞாபகமே இல்ல."

மாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதுக்கா இத்தன பாடு! சம்பந்தியம்மா சமாளிச்சிருப்பாங்களே? உங்களுக்கும் சேத்து எழுதியிருப்பாங்களே?"

"அவங்களா?" மாமாவுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டாங்க, ஆஸ்பத்திரில ஜுரம் எழுதற மாதிரி வரிவரியா. டாக்டர் என் வெறுந்தாளப் பாத்துட்டு, சார் எங்க இருந்தாருன்னு கேட்டுச்சு. பக்கத்துலதான் இருந்தாரு, ஆனா வேல செய்யலன்னு நேரா சொல்லிட்டாங்க! அது மட்டுமா? குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதியே குடுத்துட்டாங்க. 'உடன் வந்தவர் நேரம் முழுவதும் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.'"

சம்பந்தி வீட்டார் செய்த இந்த அவமானத்தை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் மகள் கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை காலண்டரைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த தடவ வேற யார்கூடவாவது போடச் சொல்லுங்க" என்றார் மாமி.

"போடி" என்றார் மாமா. "மூணு தடவ தொடச்சேன். அந்தம்மாவுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த வாரம் நேர்ல சொல்லணும்."